பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வந்த படங்கள்

எழுபத்தைந்து வயது அம்மாவையும் பத்து வயது மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்க ஒரு நகைச்சுவைப் படம் தேடி, ஞாயிற்றுக்கிழமை மாலை முழுவதும் வீணாகிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். ‘காதலிக்க நேரமில்லை’, ‘தில்லு முல்லு’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ போன்ற படங்கள் இப்போது ஏன் வருவதில்லை என்றும், அவை உண்மையிலேயே அவ்வளவு நல்ல படங்களா, அல்லது நாம் சிறுவர்களாக இருந்தபோது பார்த்தவை என்பதால் அப்படித் தோன்றுகின்றனவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் படங்களை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன், அவற்றுக்குத் தாய்வீடான சபா நாடகங்களையும் நேரில் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் குடும்பத்தோடு பார்க்கும்படி அமைந்ததற்கு அவற்றில் ஆபாசம் இல்லை என்பது மட்டும் காரணம் அல்ல. அவற்றின் சிரிப்பு ஒரு வீட்டுக்குள் நடந்தது, அந்த வீட்டில் தாத்தா முதல் வேலைக்காரப் பையன் வரை எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது, அதை எழுதியவர்கள் எல்லா வயதினரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த அரங்குகளில் தங்கள் வசனங்களைப் பல முறை சோதித்துப் பார்த்தவர்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம் சுமார் முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்தச் சேர்க்கை கலைந்த பிறகு, நல்ல நகைச்சுவை நடிகர்கள் வந்தார்கள், நல்ல நகைச்சுவைக் காட்சிகளும் வந்தன. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை வீடே சிரிக்கும் படங்கள் அரிதாகிவிட்டன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தன் தந்தை விஸ்வநாதனாக வரும் டி.எஸ். பாலையாவுக்குத் தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்லும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இடம் மாறுவதில்லை, துரத்தல் இல்லை, யாரும் கீழே விழுவதில்லை. மகன் வாயாலேயே காற்று, கதவு, காலடி என்று ஒவ்வொரு சத்தமாக எழுப்பிக்கொண்டு பேய்க்கதை சொல்கிறான், தந்தை கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். நாகேஷ் செய்வது பாதி வேலை. மீதிப் பாதி பாலையாவின் முகத்தில் நடக்கிறது. மகனுடைய உளறலைச் சகித்துக்கொள்ளும் எஸ்டேட் முதலாளியாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுக்கப்பட்டு, கடைசியில் பயந்து நடுங்கும் கிழவராக அவர் மாறுவதை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். பத்து வயதுப் பெண்ணுக்கு நாகேஷின் சத்தங்கள் போதும். நாற்பது வயதுக்காரருக்கு, கையில் சல்லிக்காசு இல்லாமல் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று கம்பெனி தொடங்கிய மகனின் துணிச்சல் சிரிப்பைத் தரும். எழுபது வயதுக்காரருக்கு, வீட்டையே அடக்கி ஆளும் ஒரு மனிதர் கதையைக் கேட்டு நடுங்குவதைப் பார்ப்பதில் கிடைக்கும் சுகமே தனி. மூன்று பேரும் ஒரே நொடியில் சிரிக்கிறார்கள், ஒவ்வொருவரும் வேறு ஒன்றுக்காகச் சிரிக்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் பற்றி எனக்கு ஒரு சொந்த நினைவு உண்டு. நாங்கள் அப்போது மேற்கு மாம்பலத்தில் ஒரு பொதுமுற்றக் குடித்தன வீட்டில் இருந்தோம். தொலைக்காட்சிப் பெட்டி எதிர்ப் போர்ஷனில் மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைப் படத்துக்கு நான்கு குடும்பங்களும் அங்கே கூடிவிடும். பெரியவர்களுக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை, அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்த பெண்கள் நிலைப்படியில் நின்றபடி. செல்லப்பா கதை சொல்லத் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் மின்சாரம் போய்விட்டது. எல்லோரும் ‘ச்சே’ என்று சலித்துக்கொண்டபோது, என் பெரியப்பா அந்த இருட்டிலேயே விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். கதவு கிரீச்சிடும் சத்தத்தையும் அவரே எழுப்பினார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “போதும்டா, வயிறு வலிக்கறது” என்று கெஞ்சினாள். மின்சாரம் திரும்பி வந்தபோது படத்தில் அந்தக் காட்சி முடிந்து போயிருந்தது, ஆனால் யாருக்கும் எதையும் தவறவிட்ட உணர்வே இல்லை.

இதை வெறும் குடும்பக் கதையாகச் சொல்லவில்லை. படம் இல்லாமலேயே அந்த நகைச்சுவை ஓடியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. வானொலியில் ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒலிபரப்புவார்கள், நாங்கள் அதைக் கேட்டே பல படங்களைப் ‘பார்த்தோம்’. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் வசன இசைத்தட்டுகள் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் கூம்பு ஒலிபெருக்கியில் ஒலித்துக்கொண்டே இருந்தன. தருமியாக நாகேஷ் புலம்புவதை முகம் தெரியாமல் குரலாக மட்டும் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். காதால் கேட்டுச் சிரிக்க முடிகிற நகைச்சுவைக்குச் சொல் துல்லியமாக இருக்க வேண்டும், இடைவெளி சரியாக விழ வேண்டும். அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நாடக மேடையில் போய் நிற்போம்.

தமிழ்ச் சினிமாவின் முழுநீள நகைச்சுவைப் படங்களில் மிகப் பழைய வெற்றிகளுள் ஒன்றான ‘சபாபதி’ (1941), பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்தது. அவர் நீதித்துறையில் பணியாற்றியவர், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இயக்கிய அந்தப் படத்தில், அசட்டு முதலாளி சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரனும், அவரைவிட அசடான வேலைக்காரன் சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் வேலைக்காரன் என்ற அந்த ஒரே ஒரு யோசனையிலிருந்து எத்தனை பிற்காலப் படங்கள் கடன் வாங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இதே ஏ.டி. கிருஷ்ணசாமி இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ‘அறிவாளி’யை இயக்கினார். பூரி சாப்பிட ஆசைப்பட்ட தங்கவேலு அதைச் செய்யும் முறையை விளக்க விளக்க, டி.பி. முத்துலட்சுமி ஒவ்வொரு படிக்கும் ‘அதான் எனக்குத் தெரியுமே’ என்று சொல்லும் காட்சி அந்தப் படத்தில்தான் வருகிறது. ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு பூரி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒன்றைத் தெரியாமலேயே தெரிந்ததாகச் சொன்னால் அந்தச் சொற்கள்தான் பதிலாக வரும்.

ஐம்பதுகளின் இறுதி தொடங்கி எண்பதுகள் வரை சென்னையில் அமெச்சூர் நாடகக் குழுக்களின் பொற்காலம். அலுவலக வேலை முடிந்து மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள் அவர்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவர். நாகேஷ் ரயில்வே ஊழியர். கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த பொறியாளர், எஸ்.வி. சேகருக்காக அவர் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்ற நாடகத்தின் பெயரே அவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. சோ, மௌலி, விசு, ஒய்.ஜி. மகேந்திரன், காத்தாடி ராமமூர்த்தி என்று பட்டியல் நீளும். சபா நாடகத்துக்கு வருகிறவர்கள் தனித்தனியாக வருவதில்லை. உறுப்பினர் சந்தா கட்டிய குடும்பம் மொத்தமாக வரும். முன்வரிசையில் பாட்டி இருப்பாள், நடுவில் மாப்பிள்ளை இருப்பார், ஓரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள். பாட்டி முகம் சுளிக்கும் வசனம் இரண்டாவது முறை மேடையேறும்போது இருக்காது. பிள்ளைகள் நெளியத் தொடங்கும் இடம் ஐந்தாவது முறை சுருங்கியிருக்கும். ஐம்பதாவது முறை மேடையேறும்போது அந்த நாடகத்தில் சிரிப்பு வராத வரி என்று ஒன்று இருக்காது. இப்படித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வசனங்கள்தான் திரைக்கு வந்தன. தணிக்கைக் குழுவைவிட அந்த முன்வரிசைப் பாட்டி கடுமையான நீதிபதி என்பது என் உறுதியான எண்ணம்.

பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ மேடையிலிருந்து வந்தது. சித்ராலயா கோபுவின் ‘காசேதான் கடவுளடா’ (1972) மேடையிலிருந்து வந்தது. விசுவின் ‘மணல் கயிறு’ (1982) அவருடைய ‘மோடி மஸ்தான்’ நாடகத்தின் திரை வடிவம். ‘காசேதான் கடவுளடா’வைப் பாருங்கள். பெட்டகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டை ஆளும் சித்தியாக மனோரமா, அந்தப் பணத்தை எடுக்கத் திட்டம் போடும் பிள்ளைகள், அவர்களுக்காகச் சாமியார் வேடம் போட்டு வரும் டீக்கடை அப்பாசாமியாகத் தேங்காய் சீனிவாசன். கதையில் பெரும்பகுதி ஒரே பங்களாவுக்குள் நடக்கிறது. மேடையில் ‘செட்’ மாற்ற முடியாது என்பதால் எல்லோரையும் ஒரே கூடத்தில் நிறுத்தி, யார் எந்தக் கதவு வழியாக எப்போது வருவார், வந்தால் யார் மாட்டிக்கொள்வார் என்பதையே கதையாக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் படத்துக்கு வரமாக அமைந்தது. ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய், அதற்குச் சாட்சியாக ஒரு ஆள்மாறாட்டம் என்று கதை முறுகிக்கொண்டே போகும்போது, சிரிப்புக்குத் தனிக் காட்சி தேவைப்படுவதில்லை.

‘தில்லு முல்லு’ (1981) நாடகத்திலிருந்து வரவில்லை, ‘கோல் மால்’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம் அது. ஆனால் அதற்கு வசனம் எழுதியவர் விசு, இயக்கியவர் பாலசந்தர், மீசையில்லாத ஆண்களை நம்பாத முதலாளியாக நடித்தவர் மேடையிலேயே வளர்ந்த தேங்காய் சீனிவாசன். ஆகவே உடம்பு வேறாக இருந்தாலும் அதில் ஓடியது சபா ரத்தம்தான். ரஜினிகாந்த் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய அடையாளங்களில் ஒன்றான மீசையை எடுக்க வைத்து, அந்த மீசையையே கதையின் மையமாக்கிய துணிச்சல் பாலசந்தருடையது. அந்தப் படத்தின் சிரிப்பில் பாதிக்கு மேல் தேங்காய் சீனிவாசனுக்குச் சேரவேண்டியது என்று நான் எப்போதும் வாதிடுவேன். ஏமாறுகிறவன் நம்பினால்தான் ஏமாற்றுகிறவனுக்குச் சிரிப்பு கிடைக்கும். அந்த முதலாளி முட்டாள் அல்ல, கொள்கைக்காரர். அவருடைய கொள்கையே அவரைக் குழியில் தள்ளுகிறது. நம் வீடுகளில் எத்தனை தாத்தாக்கள் அப்படி!

இங்கே ‘குடும்பப் படம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தையும் பேசியாக வேண்டும். தணிக்கைச் சான்றிதழில் ‘யு’ என்று இருந்தால் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது எப்போதும் சரியான அளவுகோலாக இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு வந்தது, 2011இல் அந்தச் சலுகைக்கு ‘யு’ சான்றிதழும் ஒரு நிபந்தனையாயிற்று. அதன் பிறகு தயாரிப்பாளர்கள் ஓரிரு வெட்டுகளை ஏற்றுக்கொண்டாவது ‘யு’ வாங்க முயன்றார்கள் என்பது திரையுலகம் அறிந்த செய்தி. ஆகவே அந்த எழுத்து படத்தின் குணத்தைவிட வரிக் கணக்கைச் சொன்ன காலமும் உண்டு. 2024 முதல் ‘யு/ஏ’ என்ற பிரிவை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், பெற்றோருக்கு அது ஓரளவு உதவும்.

விஷயத்தைத் தவிர்ப்பதால் மட்டும் ஒரு படம் குடும்பப் படமாகிவிடாது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ‘சதி லீலாவதி’ (1995). மனைவியை விட்டு இன்னொரு பெண்ணிடம் போகும் கணவனைப் பற்றிய கதை அது. பாலு மகேந்திரா இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய அந்தப் படத்தை நாங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து பார்த்தோம், யாரும் எழுந்து போகவில்லை. கோயம்புத்தூர் மருத்துவர் சக்திவேல் கவுண்டராகக் கமல்ஹாசனும் அவர் மனைவியாகக் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழ் சிரிப்பைக் கொண்டுவந்தது, கல்பனாவின் லீலாவதி அந்தச் சிரிப்புக்கு நடுவே தன் வேதனையையும் கம்பீரத்தையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார். எதைப் பேசுகிறோம் என்பதைவிட, வீட்டில் அதனால் காயப்படுகிறவரின் பக்கம் கதை நிற்கிறதா என்பது முக்கியம். அது நிற்கும் வரை பாட்டியும் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

விசு எழுதி இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) இதே காரணத்தால்தான் நிற்கிறது. அதை முழு நகைச்சுவைப் படம் என்று சொல்ல முடியாது, வீட்டை நடுவில் பிரிக்கும் ஒரு சண்டையின் கதை. ஆனால் வேலைக்காரி கண்ணம்மாவாக வரும் மனோரமா எதிர் வீட்டு ஆளாக நடித்துக் கூடத்தில் நிகழ்த்தும் அந்தப் பேச்சு இல்லாமல் அந்தப் படத்தை நினைக்கவே முடியாது. மத்திய அரசின் தேசிய விருதுகளில் ‘ஆரோக்கியமான பொழுதுபோக்கை வழங்கும் சிறந்த ஜனரஞ்சகப் படம்’ என்ற பிரிவில் விருது பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். பிரிவின் பெயர் அரசாங்கத் தமிழில் சற்றுக் கட்டையாக இருந்தாலும், நீங்கள் தேடுவதை அது சரியாகவே சொல்லிவிடுகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நினைவு நம்மை ஏமாற்றுகிறதா என்றால், ஓரளவுக்கு ஏமாற்றுகிறது. அந்தக் காலத்தில் வந்த நகைச்சுவைப் படங்களில் பெரும்பாலானவற்றை நாம் மறந்துவிட்டோம், வடிகட்டி நின்ற பதினைந்து இருபது படங்களை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலம்’ என்கிறோம். தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகளும் இப்போது கைப்பேசியில் சுற்றும் துண்டுகளும் அந்தப் படங்களின் நல்ல காட்சிகளை மட்டுமே நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன, இழுவையான இரண்டாம் பாதியை யாரும் வெட்டி அனுப்புவதில்லை. முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தால் சில இடங்களில் மனம் சுணங்கும். பருமனான உடம்பு, கறுத்த நிறம், திக்குவாய், காது கேளாமை ஆகியவற்றை வைத்துச் சிரித்த காட்சிகள் அக்காலப் படங்களில் கணிசமாக இருக்கின்றன. மனைவி என்றால் அசடு அல்லது அடங்காப்பிடாரி என்ற இரண்டே வார்ப்புகளில் பல படங்கள் ஓடின. என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது நான் பெருமையோடு போட்டுக்காட்டிய ஒரு பழைய படத்தில், கதாநாயகன் பாட்டுப் பாடிக்கொண்டே கதாநாயகியின் பின்னால் போவதைப் பார்த்து, “அவங்கதான் வேணாம்னு சொல்றாங்களே, ஏம்ப்பா இவரு பின்னாடியே போறாரு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்டது நியாயம் என்று ஒத்துக்கொண்டேன், படத்தையும் தொடர்ந்து பார்த்தோம். பழைய படங்களை நேசிக்கிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கோபப்படக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

அதே நேரத்தில், எல்லாமே நினைவின் மயக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. உண்மையிலேயே சில மாற்றங்கள் நடந்தன. படத்தின் கதையோடு ஒட்டாத தனி நகைச்சுவை ‘டிராக்’ என்பது புதிதல்ல, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அது இருந்தது. ‘கல்யாண பரிசு’ (1959) படத்தில் மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜராக இருப்பதாகவும், எழுத்தாளர் பைரவன் தானே என்றும் மனைவியிடம் அளக்கும் தங்கவேலுவின் பகுதி, சோகமான முதன்மைக் கதைக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் வாய்க்கால்தான். ஆனால் அந்த வாய்க்காலிலும் ஒரு குடும்பம் இருந்தது, ஒரு பொய் இருந்தது, அந்தப் பொய்க்கு ஒரு முடிவும் இருந்தது. எண்பதுகளில் கவுண்டமணி – செந்தில் இணை வந்தபோது டிராக் தனித் தொழிலாக உறுதிப்பட்டது. ஏ. வீரப்பன் போன்ற தேர்ந்த எழுத்தாளர்கள் அவற்றை எழுதினார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சிக்குச் சிரிக்காத தமிழ்க் குடும்பம் இல்லை. எனினும் அந்தக் காட்சியின் வெற்றி ஒரு வழியைத் திறந்துவிட்டது. கதையை ஒருவர் எழுதலாம், சிரிப்பை இன்னொருவர் எழுதிச் செருகலாம், நாயகனுக்கு நாட்கள் இல்லாதபோது நகைச்சுவை நடிகரை வைத்துத் தனியாகப் படமெடுத்துக்கொள்ளலாம் என்ற வசதி தயாரிப்பாளர்களுக்குப் பழகிப்போயிற்று. வடிவேலுவின் மேதைமை முழுவதும் இந்த அமைப்புக்குள்தான் வெளிப்பட்டது. ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தின் காண்டிராக்டர் நேசமணிக்காக 2019இல் சமூக ஊடகங்களில் உலகமே வேடிக்கையாகப் பிரார்த்தனை செய்ததைப் பார்த்தோம். நேசமணி நினைவில் இருக்கிறார், அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் பலர் தடுமாறுவார்கள்.

இன்னொரு பக்கம் சபாக்களில் கூட்டம் குறைந்தது. 1993இல் சன் டி.வி. வந்த பிறகு மாலை நேரம் மெகா தொடர்களுக்குப் போய்விட்டது. விசு ‘அரட்டை அரங்க’த்துக்குப் போனார், மேடையில் தேர்ந்த பல நடிகர்கள் தொடர்களுக்குப் போனார்கள். புதிதாக எழுத வருகிற இளைஞனுக்கு ஒரே வசனத்தை ஐம்பது முறை ஐம்பது விதமான கூட்டத்தின் முன் சொல்லிப் பார்க்கும் பட்டறை இல்லாமல் போயிற்று. அதே தொலைக்காட்சி பெண்களையும் முதியவர்களையும் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டதால், திரையரங்கில் மிஞ்சியவர்களில் இளைஞர்களே அதிகம், படங்கள் அவர்களுக்காக எழுதப்பட்டன. ஆறு பேர் கொண்ட குடும்பம் மால் திரையரங்குக்குப் போனால் டிக்கெட், பாப்கார்ன், வண்டி நிறுத்தும் கட்டணம் என்று ஆகும் செலவில் ஒரு மாத மளிகையின் பாதியை வாங்கிவிடலாம். மாமனார், மைத்துனர், விதவை அத்தை, வேலை தேடும் தம்பி எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடுகளும் குறைந்துவிட்டன. ஒளிந்துகொள்ள அலமாரியும் ஒட்டுக்கேட்கச் சன்னலும் மாட்டிவிட ஒரு மைத்துனனும் இல்லாத இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் ஆள்மாறாட்டக் கதையை நடத்துவது சிரமமான வேலை.

இவ்வளவுக்கும் நடுவே கடைசியாகக் கோட்டை கட்டியவர் கிரேசி மோகன். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில், கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்தது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்துவிட, பாலக்காட்டுத் தமிழ் பேசும் சமையல்காரர் காமேஸ்வரன் தவிக்கும் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதில் யாரும் கெட்டவர் இல்லை. மீனைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை. டெல்லி கணேஷ், ஊர்வசி, எஸ்.என். லட்சுமி ஆகிய மூவரும் அந்தக் குடும்பத்தில் உண்மையாகவே வாழ்கிறவர்கள் போல இருக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பதற்றம் நமக்கும் தொற்றுகிறது. டெல்லி கணேஷும் காத்தாடி குழுவின் மேடையில் பழகியவர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். மோகன் 2019 ஜூனில் காலமானார். அன்று எங்கள் வீட்டில் அந்தப் படத்தைத்தான் போட்டோம். என் அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

இப்போது எதுவுமே வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். 2025இல் அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் இயக்கிய ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை, இலங்கையிலிருந்து தப்பி வந்து சென்னையில் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் வாழ முயலும் ஒரு குடும்பத்தின் கதையை, தியேட்டரில் முதியவர்களோடும் குழந்தைகளோடும் பார்த்தேன். ஒரு பொய், அதைக் காப்பாற்றப் பாடுபடும் ஒரு வீடு, சுற்றிலும் ஒரு தெரு என்ற பழைய மூலப்பொருள்கள் அப்படியே அதில் இருந்தன. மக்கள் வந்தார்கள், படமும் ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் பரிந்துரை இது. காசேதான் கடவுளடாவையோ காதலிக்க நேரமில்லையையோ இரண்டாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் காற்று வேண்டுமென்றால் பாண்டியராஜனின் ‘ஆண்பாவம்’ (1985) நன்றாக இருக்கும், அதில் வி.கே. ராமசாமியும் கொல்லங்குடி கருப்பாயியும் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும். ஆனால் முதலில் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியராக பாலையா, அவருக்கு மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் சினிமா நட்சத்திரம். அவள் முன்னால் வசதியானவர்களாகக் காட்டிக்கொள்ள மருமகள்கள் கடன் வாங்கிக் கூடத்தை நிரப்புகிறார்கள். இன்று மாதத் தவணையில் கைப்பேசி வாங்கும் வீடுகளில் அந்தக் கதை இன்னும் நன்றாகவே புரியும். ‘வரவு எட்டணா’ பாட்டு வரும்போது உங்கள் மகள் அணா என்றால் என்ன என்று கேட்பாள். அந்தப் படம் வருவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1957இல், நயா பைசா வந்து அணாவுக்கு விடைகொடுத்துவிட்டது என்பதை அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள், அவர் அதைக் கையால் எண்ணிப் பழகியவர். ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது தெரிந்துவிட்டால் போதும், மீதியைப் பாலையா பார்த்துக்கொள்வார்.